தொலைக்காட்சித் தொடரும் கண்ணீரும்: நிலாவெளிக் கரையோரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

கலை வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் படைத்தோரைப் பற்றியும் படைப்புக்களைப் பற்றியுமே எழுதியுள்ளனர். அவற்றைக் கண்டும் கேட்டும் துய்த்த மக்களின் வரலாறு அரிதாகவே எழுதப்பட்டுள்ளது. இதற்குக் காரணம் வெளிப்படையானது. பாடியவரின் ஏடு எஞ்சுகின்றது. பாட்டைக் கேட்டு அழுதவரின் கண்ணீர் எஞ்சுவதில்லை. சான்று எஞ்சாத இடத்தில் வரலாற்றாசிரியன் கால் வைக்கத் தயங்குவது இயல்பே.

தொலைக்காட்சித் தொடர் நாடகங்களைப் பொறுத்தவரை இத்தயக்கத்துடன் ஏளனமும் சேர்ந்துகொண்டது. 'அழுகைத் தொடர்' என்ற ஒரு சொல்லால் அவற்றையும் அவற்றைப் பார்க்கும் பெண்களையும் ஒருங்கே ஒதுக்கிவிடும் வழக்கம் படித்தோரிடையே உண்டு. ஆயின், ஒரு சமுதாயத்தின் பெரும் பகுதியினர் ஆண்டுக்கணக்கில், நாள்தோறும் ஒரு குறித்த வேளையில் அமர்ந்து, தமக்கு உறவல்லாத ஒருவரின் துயருக்காகக் கண்கலங்கினர் என்பது ஒரு வரலாற்று நிகழ்ச்சியாகும். எதற்காக அழுதனர், யாருடன் இருந்து அழுதனர், அழுகை எங்கே முடிவுற்றது என்னும் வினாக்களை அதன்மேல் எழுப்பலாம். இக்கட்டுரை அவ்வினாக்களைத் திருகோணமலைக்கு வடக்கே, உப்புவெளியைக் கடந்து குச்சவெளி நோக்கிச் செல்லும் வீதியில் அமைந்த நிலாவெளிக் கரையோரத்தை முன்வைத்து ஆராய முற்படுகின்றது. சுற்றுலாப் பயணிகளுக்கு இவ்வூர் வெண்மணற் கடற்கரையாலும் எதிரேயுள்ள புறாத்தீவாலும் அறிமுகமானது. தமிழரும் முஸ்லிம்களுமாக இங்கு வாழும் மக்களுக்கோ இது மீன்பிடியாலும் பயிர்ச்செய்கையாலும் சீவியம் நடத்தும் இடம். போரையும் கடற்கோளையும் அடுத்தடுத்துக் கண்ட இடம்.

மெய்ப்பாட்டியல் தரும் அடிப்படை

அழுகையைப் பற்றிய ஆராய்ச்சி தமிழுக்குப் புதியதன்று. தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாக அழுகையை வைத்து, அது பிறக்கும் நிலைக்களங்களாக நான்கினைக் கூறுகின்றது. உயிரையோ உறவையோ உடைமையையோ இழத்தல் இழவு. பிறரால் இகழப்பட்டு எளியராதல் இளிவு. முன்னிருந்த நிலை கெட்டு வேறுபட்டு வருந்துதல் அசைவு. துய்ப்பதற்கு ஒன்றுமில்லா நிலை வறுமை. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடையதெனக் கருதப்படும் இப்பகுப்பினுள் அடங்காத கண்ணீர்க் காட்சி இன்றைய தொலைக்காட்சித் தொடர்களிலும் காண்டல் அரிது.

உரையாசிரியருள் பேராசிரியர் இவ்விடத்து ஒரு நுட்பமான வேறுபாட்டினைச் சுட்டுகின்றார். தானே துயருற்று அழுதல் ஒன்று. பிறர் துயர் கண்டு அழுதல் மற்றொன்று. முன்னையது அவலம், பின்னையது கருணை. அரங்கின் முன்னும் திரையின் முன்னும் நிகழ்வது இரண்டாவது வகை என்பதே பொதுவான கொள்கை. துன்பியல் நாடகம் இரக்கத்தையும் அச்சத்தையும் எழுப்பி அவ்வுணர்வுகளுக்குத் தூய்மை அளிக்கின்றது என்று அரிஸ்டோட்டில் கூறியதும் பார்வையாளன் பாதுகாப்பான தொலைவில் இருக்கின்றான் என்னும் எண்ணத்தின் மேல் எழுந்ததேயாகும். பார்வையாளரே இழவின் நடுவில் இருக்கும்போது அவ்விரு கண்ணீரையும் வேறுபடுத்த முடியுமா என்பது இக்கட்டுரையின் மைய வினாவாகும்.

திரைக்கு முந்திய கண்ணீர்

கிழக்கிலங்கையில் ஒரு கதையை நாள்தோறும் பகுதி பகுதியாகக் கேட்டு மனங்கசியும் வழக்கம் தொலைக்காட்சியுடன் தோன்றியதன்று. வைகாசித் திங்களில் கண்ணகி கோயில்களில் 'கண்ணகி வழக்குரை' பாடப்படுவது இப்பிரதேசத்தின் பழைய மரபு. மட்டக்களப்புப் பிரதேசத்தில் இது இன்றும் வலுவாக உள்ளது. திருகோணமலை மாவட்டத்திலும் கந்தளாயை அண்டிய பாலம்போட்டாறு போன்ற இடங்களில் பத்தினி வழிபாடு வேரூன்றியுள்ளது. வழக்குரை நூல் கொலைக்களக் கதை, உயிர்மீட்புக் கதை, வழக்குரைத்த கதை எனப் பல கதைகளாகப் பகுக்கப்பட்டிருத்தல் நோக்கற்பாலது. கோவலன் கொலையுண்ணப் போகின்றான் என்பது கேட்போர் யாவர்க்கும் முன்னரே தெரியும். தெரிந்திருந்தும் ஒவ்வோராண்டும் அவ்விடத்தில் நெஞ்சம் உருகுகின்றது. முடிவு தெரிந்த கதைக்கு அழமாட்டார்கள் என்ற எண்ணம் பிழையானது என்பதற்கு இதுவே போதிய சான்றாகும்.

இம்மரபில் இரு கூறுகள் சிறப்பாகக் கருதத்தக்கவை. ஒன்று, ஊர் கூடியிருந்து கேட்டமை. மற்றொன்று, அது குளிர்த்தியுடன் நிறைவுற்றமை. மதுரையை எரித்த சீற்றம் தணியக் கண்ணகியைக் குளிர்விக்கும் அச்சடங்கில், கதை எழுப்பிய துயரும் வெம்மையும் ஊரின் முன்னிலையில் ஆற்றப்பட்டன. அழுகைக்குத் தொடக்கம் இருந்தது போலவே முடிவும் இருந்தது.

கத்தோலிக்க மக்களிடையேயும் இதனையொத்த மரபு ஒன்று வளர்ந்தது. 18ஆம் நூற்றாண்டில் ஈழத்தில் பணியாற்றிய யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரின் 'வியாகுலப் பிரசங்கம்' தவக்காலத்தில் இயேசுவின் பாடுகளை நினைந்து உருகுதற்கென அமைந்தது. அங்கும் துயர் பெரிய வெள்ளியுடன் நின்றுவிடவில்லை; உயிர்ப்பு ஞாயிறு அதனைத் தொடர்ந்து வந்தது. சாவீட்டு ஒப்பாரியும் அவ்வாறே. இறந்தவர் பொருட்டுத் தொடங்கும் ஒப்பாரியில் கூடியிருக்கும் பெண்கள் ஒவ்வொருவரும் தத்தம் இழப்பையும் சேர்த்தே அழுவர். பேராசிரியர் வேறுபடுத்திய அவலமும் கருணையும் அங்கே ஒரே குரலில் கலந்துவிடுகின்றன. எட்டுச் செலவும் அந்தியேட்டியும் அத்துயருக்கு ஓர் எல்லை வகுத்தன.

திரையரங்கும் வானொலியும்

நவீன சாதனங்கள் இவ்வமைப்பை ஒரே நாளில் மாற்றிவிடவில்லை. திரையரங்கு கூட்டமாக அழும் வழக்கத்தைப் பேணியது. இருளை மட்டும் புதிதாகச் சேர்த்தது. பீம்சிங் இயக்கத்தில் சிவாஜி கணேசனும் சாவித்திரியும் நடித்து 1961இல் வெளிவந்த 'பாசமலர்' தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் பார்த்தோரை அழச்செய்த படம் என்றே நினைவுகூரப்படுகின்றது. பிறர் முன் அழக் கூச்சப்படும் ஆண்களுக்கும் அரங்கின் இருள் அழுவதற்கு இடமளித்தது. இரண்டரை மணி நேரத்தில் விளக்கு எரிந்தது, அழுகையும் நின்றது.

வானொலி அழுகையை வீட்டுக்குள் கொண்டுவந்தது. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தமிழ்ச் சேவையில் ஒலிபரப்பான தொடர் நாடகங்களுள் சில்லையூர் செல்வராசன் எழுதிய 'தணியாத தாகம்' பெரும் வரவேற்பைப் பெற்றது. ஈழத்துத் தமிழ்க் குடும்பம் ஒன்றின் வாழ்வும் அதன் பேச்சுமொழியும் வாரந்தோறும் அதில் ஒலித்தன. கேட்டோர் தம் வீட்டுக் கதையையே கேட்பதாக உணர்ந்தனர். பின்னர்த் தொலைக்காட்சிக் காலத்தில் ஈழத்தவர் இழந்தது எது என்பதை விளங்கிக்கொள்ள இவ்வானொலி நாடகத்தை நினைவில் இருத்தல் வேண்டும்.

இவ்விடத்து நிலாவெளிக்கே உரிய ஒரு செய்தியும் உண்டு. ஜெர்மன் நாட்டின் 'டொய்ச்செ வெல்லெ' வானொலி தன் ஒலிபரப்பை ஆசிய நாடுகளுக்கு அஞ்சல் செய்தற்பொருட்டு 1980களில் திருகோணமலைக்கு வடக்கே இக்கரையோரத்தில் பெரும் நிலையம் ஒன்றை நிறுவியது. 2010களின் தொடக்கத்தில் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் கையளிக்கப்பட்டது. தொலைதேசத்துக் குரல்கள் இக்கரையிலிருந்து வலிய அலைகளாகப் புறப்பட்டுச் சென்ற அதே ஆண்டுகளில், இக்கரையோர மக்களின் துயர் ஊருக்கு வெளியே அரிதாகவே கேட்டது.

தொலைக்காட்சியின் வருகை

இலங்கையில் தொலைக்காட்சி 1979 ஏப்பிரல் 13ஆம் நாள் சுயாதீனத் தொலைக்காட்சி சேவையுடன் தொடங்கியது. அதன் அலை தொடக்கத்தில் கொழும்பையும் அயலையும் மட்டுமே எட்டியது. அவ்வாண்டிலேயே டி. பி. நிகால்சிங்கவின் 'திமுது முத்து' என்னும் சிங்களத் தொடர் நாடகம் வெளியாயிற்று. யப்பானிய அரசின் உதவியுடன் நிறுவப்பட்ட ரூபவாஹினிக் கூட்டுத்தாபனம் 1982 பெப்புருவரியில் ஒளிபரப்பை ஆரம்பித்து, நாட்டின் பெரும் பகுதியை எட்டியது. அதில் தமிழுக்கு ஒதுக்கப்பட்ட நேரம் குறைவு. வடபுலத்தார் உயர்ந்த அன்ரனாக்களை நாட்டித் தமிழ்நாட்டுத் தூரதர்ஷனைப் பார்த்தனர்.

தொலைக்காட்சி நாட்டில் பரவிய காலமும் போர் பரவிய காலமும் ஒன்றாயின. 1983 யூலை வன்செயல், 1985இலும் 1990இலும் திருகோணமலை மாவட்டத் தமிழ்க் கிராமங்களில் நேர்ந்த இடப்பெயர்வுகள், கடல் கடந்து இராமேசுவரம் சென்ற அகதிப் பயணங்கள் ஆகியன இக்காலத்தின் நிகழ்ச்சிகள். மின்சாரம் துண்டிக்கப்பட்ட ஊர்களில் வாகனப் பற்றரியை இணைத்தும், ஜெனரேற்றரை இயக்கி 'டெக்' போட்டும் படம் பார்க்கும் வழக்கம் போர்க்கால வடகிழக்கில் பரவலாக இருந்தது. ஒரு பெட்டியின் முன் அயல் முழுவதும் கூடியது. வசதிக் குறைவினாலேனும், வழக்குரை கேட்ட கூட்டத்தின் சாயல் அங்கே சில காலம் நீடித்தது.

'ஒஷின்': கண்ணீரின் செய்முறை

உலகளவில் பார்வையாளரைக் கண்ணீர் விடச்செய்த தொடர்களைப் பட்டியலிட்டால் யப்பானின் 'ஒஷின்' அதில் முன்வரிசையில் நிற்கும். சுகாகோ ஹஷிதா எழுதிய இத்தொடர் 1983 ஏப்பிரல் முதல் 1984 மார்ச் வரை யப்பானிய அரச ஒளிபரப்பு நிறுவனமாகிய என்.எச்.கே.யில், ஒவ்வொன்றும் 15 நிமிடமான 297 அங்கங்களாக வெளிவந்தது. அதன் உச்சப் பார்வையாளர் விகிதம் நூற்றுக்கு 62.9 எனப் பதிவாகியுள்ளது. பின்னர் அறுபதுக்கு மேற்பட்ட நாடுகளில் அது காட்டப்பட்டது. இலங்கையில் ரூபவாஹினி அதனைச் சிங்களக் குரலுடன் ஒளிபரப்பியது.

யமகத்தா மாநிலத்து ஏழைக் குத்தகை விவசாயியின் மகள் ஒஷின். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒரு மூட்டை அரிசிக்கு ஈடாக அவள் ஏழு வயதில் பிறர் வீட்டு வேலைக்கு அனுப்பப்படுகின்றாள். முதலில் அவள் போக மறுக்கின்றாள். மேலும் ஒரு பிள்ளையை வளர்க்க வழியில்லாத தாய், கருவை அழிக்க எண்ணிப் பனிக்காலத்து ஆற்றுநீரில் இறங்கி நிற்பதைக் கண்டபின் தானே போவதாகச் சொல்கின்றாள். மொகாமி ஆற்றில் மிதவையொன்று அவளை ஏற்றிச் செல்லும் காட்சியே பல நாட்டவரும் மறவாத காட்சி.

இக்காட்சி கண்ணீரை வருவிக்கும் முறை ஆராயத்தக்கது. வறுமை இங்கு நிலைக்களம். ஆயின் வறுமையைக் கண்ட மாத்திரத்தில் கண்ணீர் பிறப்பதில்லை. தாயின் துயரை அறிந்த குழந்தை, தான் அறிந்ததை மறைத்துக்கொண்டு, விரும்பிப் போவது போலப் புறப்படும் இடத்திலேயே பார்ப்போர் தோற்றுப்போகின்றனர். அழவேண்டியவர் அழாதபோது அவருக்காகப் பார்ப்பவர் அழுகின்றார். துயரை அடக்கும் முகம், சொல்லாமல் விடப்பட்ட சொல், சற்றே நீடிக்கும் அமைதி ஆகியவற்றைச் சிறுதிரை மிக அண்மையில் காட்டவல்லது. மேடையில் கடைசி வரிசைக்கு எட்டாத உதட்டசைவு, வீட்டுக் கூடத்தில் ஒரு முழத் தொலைவில் தெரிகின்றது. மேலும், பல நாட்கள் பழகிய முகம் அது. அண்டை வீட்டுப் பிள்ளையை அறிந்தது போல அவளைப் பார்வையாளர் அறிவர். இவ்வறிமுகமே தொடர் நாடகத்தின் மூலதனமாகும்.

பனியையே காணாத வெப்பநாட்டு மக்கள், தமக்கு உரியதல்லாத மொழியின் ஒலியில், யப்பானியச் சிறுமிக்காக அழ முடிந்தமைக்கு வேறொரு காரணமும் உண்டு. மலையகத் தோட்டங்களிலிருந்தும் ஏழைக் கிராமங்களிலிருந்தும் பிள்ளைகளை நகரத்து வீடுகளுக்கு வேலைக்கு விடுதல் இலங்கை அறிந்த கொடுமையே. அவ்வகையில் ஒஷினின் கதை அயலது அன்று. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே துறைமுக மாவட்டத்தில் அச்சத்தால் பிரிந்து வாழ்ந்த ஆண்டுகளில், ஒரே குழந்தைக்காக அழக்கூடிய வாய்ப்பை ஓர் அயல்நாட்டுத் தொடர் அளித்தது. தம் கண்ணெதிரே துயருற்ற அயலாருக்காக அவ்வாறு ஒருங்கே அழ அவர்களுக்கு வாய்ப்பு அமையவில்லை. கருணை தொலைவுக்கு எளிதில் நீளும், அருகிற்கு வரத் தயங்கும் என்பது இதனாற் பெறப்படும் கசப்பான உண்மை.

சென்னைத் தொடர்களின் காலம்

இந்தியத் தூரதர்ஷனில் 1987 சனவரி முதல் 1988 யூலை வரை ஒளிபரப்பான இராமானந்த சாகரின் 'இராமாயணம்', நாள் குறித்து நாடே திரைமுன் அமரும் வழக்கத்தை இந்தியாவில் நிலைநிறுத்தியது. 1993 ஏப்பிரல் 14ஆம் நாள் சன் தொலைக்காட்சி தொடங்கியபின் தமிழ்த் தொடர் நாடகம் பெருந்தொழிலாயிற்று. ராதிகா நடித்து 1999 இறுதியில் தொடங்கிய 'சித்தி', திருமுருகன் இயக்கத்தில் 2002 முதல் 2005 வரை வந்த 'மெட்டி ஒலி', தேவயானி நடித்து 2003 முதல் 2009 வரை 1500க்கும் மேற்பட்ட அங்கங்கள் ஓடிய 'கோலங்கள்' ஆகியவை தமிழ் பேசும் இல்லங்கள் எங்கும் பரவின. செய்மதி அலைவாங்கி, கேபிள் இணைப்பு, உள்நாட்டுத் தனியார் அலைவரிசைகள் ஆகியவற்றின் வழியே ஈழத்திலும், ரொறன்ரோ முதலிய நகரங்களில் குடியேறிய ஈழத்தவர் வீடுகளிலும் இத்தகைய தொடர்கள் பார்க்கப்பட்டன.

இவற்றுள் 'மெட்டி ஒலி' நுணுகி நோக்கத்தக்கது. ஐந்து பெண்மக்களைப் பெற்ற தந்தை சிதம்பரம். புகுந்த வீடுகளில் அம்மகளிர் படும் சிறுமைகள் கதையின் உயிர். மெய்ப்பாட்டியல் மொழியிற் கூறின், இதன் நிலைக்களம் இளிவு. கொலையோ கொள்ளையோ இல்லாமல், சாப்பாட்டு வேளையில் மாமியார் சொல்லும் ஒரு சுடுசொல்லே பார்ப்போர் கண்ணை நிறைத்தது. மகள் படும்பாட்டை அறிந்தும் ஒன்றும் செய்யவியலாத தந்தையின் முகமும், அவர் அறியக்கூடாதென்று சிரித்துக்கொண்டே பேசும் மகளின் முகமும் ஒஷின் காட்சிக்குச் சொல்லப்பட்ட அதே செய்முறையையே பின்பற்றின. சீதனமும் புகுந்த வீட்டுக் கொடுமையும் ஈழத்துப் பெண்ணுக்கும் அறிமுகமானவை. ஆதலால் சென்னைப் பேச்சுவழக்கு அவளுக்குத் தடையாகவில்லை.

எனினும் இரு மாற்றங்கள் இக்காலத்தில் நிகழ்ந்தன. வீட்டுக்கொரு பெட்டி வந்தபின் அயலார் கூடிப் பார்க்கும் வழக்கம் தேய்ந்தது. அழுகை குடும்பத்துள்ளும், பெரும்பாலும் பெண்ணிடத்தும் ஒடுங்கியது. இரண்டாவது, அழுகைக்கு முடிவு இல்லாமற் போயிற்று. விளம்பர வருவாயால் வாழும் தொடர், துயரைத் தீர்த்துவைத்தால் தானும் தீர்ந்துவிடும். ஆதலால் ஒவ்வோர் அங்கமும் கண்ணீர் ததும்பும் கட்டத்தில் 'தொடரும்' என்ற சொல்லுடன் நிறுத்தப்படுகின்றது. வழக்குரையின் இறுதியில் குளிர்த்தி இருந்தது. தொடரின் இறுதியில் நாளைய அங்கம் இருக்கின்றது.

பெர்டோல்ட் பிரெக்ட் போன்றோர் பார்வையாளரின் உருக்கத்தை ஐயுற்றமைக்கு இத்தகைய நிலையே காரணம். உருகி அழுபவர் துயரின் காரணத்தை வினவ மறக்கின்றார் என்பது அவர்தம் வாதம். பொறுத்துக்கொள்ளும் பெண்ணே நல்ல பெண் என்னும் கருத்தைத் தொடர்கள் திரும்பத் திரும்ப ஊட்டியதை மறுக்க இயலாது. ஒஷின் என்னும் பெயரின் 'ஷின்' ஒலியே யப்பான் மொழியில் பொறுமையை நினைவூட்டுவது. ஆயினும் இவ்விமரிசனம் ஒரு பகுதி உண்மையையே கூறுகின்றது. தொடரைப் பார்த்து அழும் பெண் தொடரின் கருத்தை அப்படியே ஏற்றுக்கொண்டாள் என்று கொள்வது, அவளுடைய கண்ணீரை அதன் உரிமையாளரிடம் கேளாமலே பொருள்கொள்வதாகும்.

கரையோரத்தின் சொந்த இழவு

'மெட்டி ஒலி' காலத்தில் நிலாவெளிக் கரையோரம் கண்டது என்ன என்பதை இத்துடன் வைத்து நோக்குதல் வேண்டும். 2002இல் போர்நிறுத்தம் கைச்சாத்தாகியது. 2004 திசெம்பர் 26ஆம் நாள் காலை கடற்கோள் இக்கரையைத் தாக்கியது. இலங்கை முழுவதிலும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்ட அந்நாளில் நிலாவெளியும் உயிர்களையும் வள்ளங்களையும் வீடுகளையும் இழந்தது. 2006 சனவரி 2ஆம் நாள் திருகோணமலை நகரக் கடற்கரையில் ஐந்து மாணவர் சுட்டுக்கொல்லப்பட்டனர். அவ்வாண்டிலேயே மூதூர், சம்பூர்ப் பகுதிகளில் போர் மீண்டும் மூண்டது. 2009 மேயில் வன்னியில் போர் முடிந்தபோது வடகிழக்கில் காணாமலாக்கப்பட்டோரின் குடும்பங்கள் பெருந்தொகையினவாக எஞ்சின. 2017இல் கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவு, திருகோணமலை ஆகிய இடங்களில் அக்குடும்பத்துப் பெண்கள் தம் உறவினரின் படங்களை ஏந்தி வீதியோரத்தில் தொடர் போராட்டத்தில் அமர்ந்தனர். காணாமற்போனோர் பற்றிய அலுவலகம் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோற்றுவிக்கப்பட்டு 2018இல் இயங்கத் தொடங்கியது.

இறந்தார் என்று துணிந்து அந்தியேட்டி செய்யவும் இயலாது. இருக்கின்றார் என்று நம்பி மகிழவும் இயலாது. இந்நிலையை அமெரிக்க உளவியலாளர் போலின் பாஸ் 'தெளிவற்ற இழப்பு' என்னும் பெயரால் விளக்கியுள்ளார். துயருக்கு எல்லை வகுக்கும் சடங்கு இங்கே செயலற்றுப்போகின்றது. இத்தகைய வீடுகளுக்கு 'தொடரும்' என்ற சொல் நாடகத்துக்கு மட்டும் உரியதன்று.

இத்துணைப் பெரிய இழவு நேர்ந்தும், அன்றாடம் அவ்வீடுகளில் ஓடிய பெருந்தொடர்களில் அது இடம்பெறவில்லை. அவற்றுள் பெரும்பாலானவை சென்னையில், அங்குள்ள பார்வையாளரையும் விளம்பரதாரரையும் கருதி ஆக்கப்பட்டவை. 'தணியாத தாகம்' வானொலியில் அளித்த 'இது நம் வீட்டுக் கதை' என்னும் உணர்வு தொலைக்காட்சியில் ஈழத்தவர்க்கு அவ்வாறு வாய்க்கவில்லை. மேடை இதனைச் செய்தது என்பதை மறத்தலாகாது. குழந்தை ம. சண்முகலிங்கத்தின் 'மண் சுமந்த மேனியர்' 1985இல் யாழ்ப்பாணத்தில் அரங்கேறிப் பல ஊர்களில் மக்கள் முன் நடிக்கப்பட்டது. அதில் மேடையிலும் மேடைக்கு முன்னும் இருந்த துயர் ஒன்றே. அத்தகைய அரங்கு ஆண்டு முழுவதும் நாள்தோறும் கூடத்துக்குள் வந்து நிற்கவல்லதன்று. தொலைக்காட்சியோ வந்து நின்றது. ஆயின் வேறொருவர் கதையுடன் வந்தது.

எனவே சென்னைத் தொடரைப் பார்த்து இக்கரையோரப் பெண்ணொருத்தி அழுதாளாயின், அக்கண்ணீர் முழுவதும் தொடருக்கே உரியதெனக் கொள்ளுதல் பொருந்தாது. சாவீட்டில் பிறர் பொருட்டு எடுக்கும் ஒப்பாரியில் தன் இழவைச் சேர்த்து அழுத மரபில் வந்தவள் அவள். போர்க்காலத்தில் வெளிப்பட அழுவதே ஆபத்தாக இருந்த நாட்களும் உண்டு. யாருக்காக அழுகின்றாள் என்று அயலவர் கேட்டால் மறுமொழி சொல்ல அஞ்சிய காலத்தில், நாடகத்துக்காக அழுகின்றேன் என்பது எவரும் குறைகாணாத மறுமொழி. சிதம்பரத்தின் மகளுக்கு அழும் உரிமையை எவரும் தடுக்க முடியாது. அவ்வுரிமையின் நிழலில் தன் மகனுக்கும் அழுதுகொள்ளலாம். பேராசிரியர் பிரித்துக் கூறிய அவலமும் கருணையும் இவ்விடத்து ஒன்றையொன்று போர்த்துக்கொண்டு நிற்கின்றன.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து மூன்று செய்திகள் புலனாகின்றன. முதலாவது, தொலைக்காட்சிக் கண்ணீர் வழக்குரை, வியாகுலப் பிரசங்கம், ஒப்பாரி, திரைப்படம், வானொலி நாடகம் என நீண்டுவந்த ஒரு மரபின் அண்மைக் கட்டமே. அழுகையின் நிலைக்களங்கள் நான்கும் மாறவில்லை. இரண்டாவது, அழும் சூழல் மாறியுள்ளது. ஊர் கூடி அழுது குளிர்த்தியில் முடிந்த அழுகை, வீட்டுள் ஒடுங்கி முடிவற்றதாயிற்று. மூன்றாவது, சொந்த இழவைச் சொல்லும் கதை கிடைக்காத சமுதாயம் பிறர் கதையினுள் தன் இழவை வைத்து அழக் கற்றுக்கொள்கின்றது.

மூன்றாவது செய்தியே இன்றைய பல்கலைக்கழக மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் கடமை ஒன்றை உணர்த்துவது. தொடர் பார்த்து அழுவோரை நகைப்பது எளிது. அவர்கள் எக்காட்சியில் அழுதனர், அப்போது யாரை நினைத்தனர் என்று தாயரிடமும் பாட்டியரிடமும் கேட்டுப் பதிவுசெய்வது அரிது. திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாறு ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் ஆகியோரின் ஆவணங்களிலிருந்து பலமுறை எழுதப்பட்டுவிட்டது. அத்துறைமுகத்துக்கு வடக்கேயுள்ள கரையில் மாலைவேளைகளில் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்த பெண்களின் வரலாற்றுக்கு ஏடும் இல்லை, ஆவணக் காப்பகமும் இல்லை. அதற்குச் சான்றாக உள்ளோர் அப்பெண்களே. அவர்கள் உள்ளபோதே அது எழுதப்படல் வேண்டும்.